பெயரும் முகமும் – உருவ ஒளிப்படக்கலையின் அருட்டுணர்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மனித முகத்தைப் பதிவுசெய்யும் கலைஞன் எதனால் தூண்டப்படுகின்றான்? கவிஞனுக்கும் ஓவியனுக்கும் உரியதெனப் பேசப்படும் அருட்டுணர்வு, கண்ணாடி வில்லையும் இரசாயனக் கரைசலும் கொண்டு தொழில்புரியும் ஒளிப்படக் கலைஞனுக்கும் உண்டா? உண்டெனின், அது அவனது உள்ளத்திலிருந்து எழுகின்றதா, அன்றி அவன்முன் அமர்ந்திருப்பவரிடமிருந்து வருகின்றதா? இவ்வினாக்கள் அழகியல் ஆய்வாளர்க்கு மட்டும் உரியனபோலத் தோன்றலாம். ஆயின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் உள்ள மயிலிட்டி போன்றதொரு கிராமத்தை மனங்கொண்டு நோக்குமிடத்து, இவை மக்கள் வாழ்வோடு நெருங்கிய வினாக்கள் என்பது புலனாகும்.

காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையே கடலை நோக்கி அமைந்த மயிலிட்டி, வடபகுதியின் முதன்மையான மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக விளங்கிய ஊராகும். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மூண்ட போரினால் அவ்வூர் மக்கள் தம் மனைகளை விட்டு வெளியேறினர். பின்னர் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. 2017ஆம் ஆண்டு யூலை 3ஆந் திகதியே மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த நிலத்தின் ஒரு பகுதியும் மீள ஒப்படைக்கப்பட்டன. இடைப்பட்ட காலம் 27 ஆண்டுகள். உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு புறப்பட்டோர் எடுத்துச் சென்றவை சில. விட்டுச் சென்றவை பல. விட்டுச் சென்றவற்றுள் முன்விறாந்தைச் சுவரிலே வரிசையாக மாட்டப்பட்டிருந்த படங்களும் அடங்கும். வீட்டையும் வள்ளத்தையும் வலையையும் மீளத் தேடிக்கொள்ளலாம்; படத்திலன்றி வேறெங்கும் எஞ்சியிராத ஒரு பாட்டியின் முகத்தை எங்ஙனம் தேடிக்கொள்வது? உருவ ஒளிப்படம் என்பது யாருக்காக, எதன்பொருட்டு ஆக்கப்படுகின்றது என்னும் வினா இங்கேதான் கூர்மை பெறுகின்றது.

இவ்வினாவை ஆராயுமுன், ஒளிப்படம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே தமிழர் தம்முள் மறைந்தாரை எவ்வாறு நினைவில் நிறுத்தினர் என்பதை நோக்குதல் தகும். இவ்வகையில் மிகப் பழையது நடுகல் ஆகும். தகுந்த கல்லைக் கண்டு தேர்தல் தொடங்கி, அதனைக் கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துதல் ஈறாக அதன் படிமுறைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கின்றது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டிற் கண்டறியப்பெற்ற நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறிக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்று ஆகோட் பூசலில் வீழ்ந்தவனின் பெயரையும், ஊரையும், நிகழ்ச்சியையும் மிகச் சில சொற்களிற் கூறி முடித்துவிடுகின்றது. உருவம் எதுவும் அதிற் செதுக்கப்படவில்லை. அவன் முகம் எத்தகையதென நாம் அறியோம். ஆயினும் அவன் யார் என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் அறிவோம். முகமின்றிப் பெயர் மட்டும் நின்ற நினைவு இது.

மறுபுறத்தில், மானிடரின் உருவத்தை ஒத்தவாறு படைப்பதை இந்தியக் கலைமரபின் ஒரு பகுதி விரும்பவில்லை. தெய்வப் படிமம் இலக்கணத்திற் சிறிது வழுவினும் நன்மை தரும். மானிடப் படிமமோ எத்துணை செம்மையாக அமையினும் நன்மை தராது என்பது சுக்கிரநீதிசாரத்தின் கொள்கை. படைப்போன் தன்முன் உள்ள ஒருவரைப் பார்த்து வடித்தலாகாது; தியானத்தில் உள்ளத்தே தோன்றும் வடிவினையே வடித்தல் வேண்டும் என்பது இக்கொள்கையின் உட்கிடை. எனினும் வழக்கு எப்போதும் விதியைப் பின்பற்றி நடந்ததில்லை. மாமல்லபுரத்து ஆதிவராகக் குகையிலே பல்லவ மன்னர் இருவர் தம் தேவியரோடு சிற்பமாக நிற்கின்றனர். அவர்தம் பெயர்களும் மேலே பொறிக்கப்பட்டுள்ளன. உருவத்தைச் செதுக்கிய காலத்தும் பெயரைப் பொறிக்க மறக்காமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

சுக்கிரநீதியின் இக்கருத்தை மேலை உலகுக்கு விளக்கியவர்களுள் தலையாயவர் யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் 1877ஆம் ஆண்டு பிறந்த ஆனந்த குமாரசுவாமி அவர்கள். அவரே ஒளிப்படத்துக்கு அரும்பொருட்சாலையின் வாயிலைத் திறக்க உதவியவர்களுள் ஒருவராகவும் அமைந்தார் என்பது வியப்புக்குரியது. பொஸ்ரன் நுண்கலை அரும்பொருட்சாலையில் 1917ஆம் ஆண்டு முதற் பணியாற்றிய அவரது முயற்சியால், 1924ஆம் ஆண்டில் அல்பிரட் ஸ்ரீக்லிற்சின் 27 ஒளிப்படங்கள் அவ்வரும்பொருட்சாலையின் சேகரிப்பிற் கலைப்படைப்புக்கள் என்ற தகுதியோடு சேர்ந்தன. கருவியினால் ஆக்கப்படுவதும் கலையாகலாம் என அமெரிக்க அரும்பொருட்சாலைகள் ஏற்கத் தொடங்கிய காலத்தின் முக்கிய நிகழ்ச்சிகளுள் அதுவும் ஒன்று.

ஆனால் ஒளிப்படம் கலையா என்ற விவாதம் அதற்கு அறுபது ஆண்டுகளின் முன்னரே எழுந்துவிட்டது. 1839ஆம் ஆண்டிற் பாரிசில் டாகெர் கண்ட முறை வெளியிடப்பட்டது. 1851இல் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் ஈரக் கொலோடியன் முறையை அறிமுகம் செய்தார். 1854இல் டிஸ்டேரி என்னும் பிரெஞ்சுக்காரர், ஒரே தகட்டிற் பல சிறு படங்களை எடுத்து மலிவாக விற்கும் வழிக்கு உரிமை பெற்றார். அதுகாறும் ஓவியனை அமர்த்தும் வசதி படைத்த செல்வர்க்கே உரியதாயிருந்த உருவப்படம் அதன்பின் நடுத்தர மக்களின் கைக்கும் எட்டிற்று. இவ்வளர்ச்சியின் அலை குடியேற்ற நாடுகளையும் விரைவில் அடைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிற் கொழும்பிலும் கண்டியிலும் ஐரோப்பியரின் படப்பிடிப்பு நிலையங்கள் தோன்றின. அவை பயணிகளுக்கு விற்ற படங்களுள் ஒரு வகை, 'தமிழ்ப் பெண்' என்றோ 'கூலியாள்' என்றோ தலைப்பிடப்பட்டவை. படத்தில் நிற்பவர் ஓர் ஆளாகவன்றி, ஓர் இனத்தின் மாதிரியாகவே அங்கு கொள்ளப்பட்டார்.

இத்தகைய வணிகப் படப்பிடிப்பினின்றும் முற்றிலும் வேறுபட்ட நோக்குடன் இலங்கைக்கு வந்தவர் ஜூலியா மார்கிரட் கமரன் அம்மையார். படைப்புச் செயல்பற்றித் தாமே எழுதிவைத்த தொடக்ககால உருவ ஒளிப்படக் கலைஞர்களுள் அவர் முதன்மையானவர் ஆதலாலும், அவரது வாழ்வின் இறுதிப்பகுதி இந்நாட்டிற் கழிந்தமையாலும் அவரைச் சற்று விரிவாக நோக்குதல் பொருந்தும்.

அவர் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்தவர். கணவர் சாள்ஸ் ஹே கமரன், இலங்கையின் நிருவாக, நீதித்துறை அமைப்பை மாற்றிய 1833ஆம் ஆண்டின் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தங்கள் வழியாக நம் வரலாற்று மாணவர் அனைவரும் அறிந்தவர். அம்மையார் 48 வயதை அடைந்த பின்னரே, 1863ஆம் ஆண்டின் இறுதியில், மகளும் மருமகனும் அளித்த பரிசாக ஒரு கமரா அவர் கைக்கு வந்தது. கோழிக் கூட்டைக் கண்ணாடி வேய்ந்த படப்பிடிப்பு அறையாகவும், நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டு தொழிலைக் கற்றார். 1864ஆம் ஆண்டு யனவரியில் ஆனி என்னும் சிறுமியின் படம் வாய்த்தபோது அதனையே தமது முதல் வெற்றியெனக் கொண்டாடினார். மறுவருடமே இலண்டன் தென் கென்சிங்ரன் அரும்பொருட்சாலை அவருடைய படங்களை விலைக்கு வாங்கியது.

தம் கண்ணாடி மனையின் வரலாறாக 1874ஆம் ஆண்டில் அவர் எழுதிய நினைவுக் குறிப்பிலே அருட்டுணர்வு பற்றிய அவரது கருத்துக்கள் பொதிந்துள்ளன. ஏனைய படப்பிடிப்பாளர் வில்லையைத் திருகித் திருகி உருவத்தைக் கூர்மையாக்குவர். தாமோ காட்சி அழகாகத் தோன்றும் கணத்திலேயே நிறுத்திவிடுவதாக அவர் கூறுகின்றார். பெரியோர் தம்முன் அமரும்போது புறத்தோற்றத்தோடு அவர்தம் அகப்பெருமையையும் பதிவுசெய்வது தமது கடனெனக் கருதினார். அவ்வாறு எடுத்த படத்தை ஒரு வழிபாடாகவே மதித்தார். அவர் எடுத்த வானியலறிஞர் ஹேர்ஷலின் முகமும் கவிஞர் டெனிசனின் முகமும் இக்கூற்றுக்குச் சான்று பகர்வன. குவியம் சற்றுத் தளர்ந்ததை அக்காலத்துத் தொழில்வல்லார் குறையெனப் பழித்தனர். கலைச்சுவைஞர் அதனையே தனிச்சிறப்பாகக் கண்டனர்.

இங்கு தொழில்நுட்பத்தையும் சிறிது கருதல் வேண்டும். ஈரக் கொலோடியன் முறையிற் கண்ணாடித் தகட்டின்மீது கரைசலைப் பூசி, வெள்ளி உப்பு நீரில் தோய்த்து, ஈரம் உலருமுன்னரே படமெடுத்து, உடனே துலக்கிவிடல் வேண்டும். கமரன் அம்மையாரின் பெரிய தகடுகளுக்குச் சில நிமிடங்கள்வரை ஒளிபடல் வேண்டியிருந்தது. அத்துணை நேரமும் அமர்ந்திருப்பவர் அசையாதிருக்க வேண்டும். ஆகவே அக்காலத்து உருவப்படம் எதிரெதிரே இருந்த இருவரின் பொறுமையால் விளைந்தது. கலைஞரின் அருட்டுணர்வு மட்டும் அதனைத் தந்துவிடவில்லை. அமர்ந்தவரின் உடன்பாடும் அதிற் சமபங்கு கொண்டது.

1875ஆம் ஆண்டில் கமரன் குடும்பத்தினர் தமது கோப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். கோப்பிப் பயிரை இலைநோய் அழித்துக்கொண்டிருந்த காலம் அது. 1879ஆம் ஆண்டு யனவரியில் மலைநாட்டிலே அம்மையார் காலமானார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இந்நாட்டில் அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவானவையே. ஈரத் தகடு விரைந்து உலரும் வெப்பமும் இக்குறைவுக்கு ஒரு காரணமாயிருத்தல் கூடும். அப்படங்களில் இடம்பெற்றோர் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளரும் களுத்துறைப் பகுதிக் கிராமத்தவரும் ஆவர். தமிழரும் அவர்களுட் சேர்ந்திருந்தனர்.

1877ஆம் ஆண்டில் அவர் இல்லத்துக்கு வந்திருந்த தாவர ஓவியர் மரியான் நோர்த், தம் நினைவு நூலில் இரு செய்திகளைக் குறிப்பிடுகின்றார். நண்பகல் வெயிலிலே தமக்குச் சால்வை போர்த்தி, தென்னோலைகளின் முன் நிறுத்தி, இயல்பாக இருக்கும்படி அம்மையார் பணித்தாராம். இது நகைச்சுவை. மற்றையது சிந்தனைக்குரியது. உள்ளூர் மனிதர் ஒருவரது முதுகின் அழகிலே மனத்தைப் பறிகொடுத்த அம்மையார், அவரைத் தோட்டக்காரராக அமர்த்தும்படி தம் மகனை வற்புறுத்தினாராம். அங்கே தோட்டமும் இல்லை. தோட்டக்காரன் என்ற சொல்லின் பொருளை அம்மனிதர் அறிந்திருக்கவுமில்லை. அருட்டுணர்வு எத்துணை வலிதாக ஒரு கலைஞரை ஆட்கொள்ளும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆனால் அம்மனிதரின் பெயர் யாது? அது எங்கும் எழுதப்படவில்லை.

1878ஆம் ஆண்டின் களுத்துறைக் கிராமத்தவர் படமும் இத்தகையதே. அதிற் காணப்படும் பெண்ணுக்கு 12 வயதென்றும், உடன் நிற்கும் முதியவர் தம்மை அவளுடைய தந்தை என்றும் தமக்கு நூறு வயதென்றும் கூறுவதாகவும் அம்மையார் குறித்துள்ளார். வயதை வினவிய அவர் பெயரை வினவினாரோ அறியோம். எழுதிவைக்கவில்லை என்பது மட்டும் தெளிவு. இதனை வர்க்க வேறுபாட்டின் விளைவென்று மட்டும் கூறி அமைதலும் இயலாது. இங்கிலாந்தில் அவர் இல்லப் பணிப்பெண்ணாயிருந்து, கன்னி மரியாளாகப் பல படங்களிற் காட்சி தந்த மேரி ஹில்லியரின் பெயரை இன்றும் கலைவரலாறு அறியும். அங்கே பணிப்பெண்ணுக்கும் பெயர் இருந்தது. இங்கே நூறாண்டு வாழ்ந்ததாகக் கூறிய முதியவருக்கு இல்லை.

இதனாற் கமரன் அம்மையாரைப் பழிப்பது நம் நோக்கமன்று. வணிக நிலையங்களின் 'இனவகை' படங்களோடு ஒப்பிடின், அவருடைய படங்களில் மக்கள் மதிப்போடும் தனித்தன்மையோடும் நிற்கின்றனர். அவர் எடுத்திராவிடின் அம்முகங்களும் நமக்குக் கிட்டியிரா. எனினும் அழகினால் மட்டும் எழுந்த அருட்டுணர்வின் எல்லையை அப்படங்கள் காட்டிவிடுகின்றன. புலிமான்கோம்பைக் கல்லிலே பெயர் உண்டு, முகம் இல்லை. களுத்துறைப் படத்திலே முகம் உண்டு, பெயர் இல்லை. முன்னையது சுற்றத்தார் எழுப்பியது. பின்னையது அயலார் ஒருவர் ஆக்கியது. இவ்வேறுபாடே நம் ஆய்வுக்குத் திறவுகோலாகும்.

இருபதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துச் சந்திகள்தோறும் தோன்றிய ஸ்ரூடியோக்களை இவ்விடத்திற் கருதுதல் வேண்டும். கலைவரலாற்று நூல்கள் அவற்றின் தொழிலாளரைக் கலைஞர் எனப் பெரும்பாலும் குறிப்பதில்லை. தீட்டிய திரைச்சீலையின் முன் மணமக்களை நிறுத்தியும், சாமத்தியச் சடங்கன்று பெண்பிள்ளையைக் குத்துவிளக்கருகே இருத்தியும், பட்டம்பெற்ற மகனை அங்கியோடு நிற்கவைத்தும் அவர்கள் எடுத்த படங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போன்று தோன்றலாம். ஆயின் கூரிய பென்சில் கொண்டு எதிர்ப்படத்திலே முகத்தின் தழும்புகளைத் திருத்துவதும், கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் நிறமூட்டுவதும், நாடியைச் சற்று உயர்த்தி ஒளியைக் கன்னத்தில் விழச்செய்வதும் பயின்ற கையின் நுண்கலையேயாம். தனிப்படம் எதுவும் எடாமல் இறந்துவிட்ட ஒருவரின் முகத்தைப் பழைய கலியாணக் குழுப்படத்திலிருந்து பிரித்தெடுத்துப் பெருப்பித்து, தோளுக்குச் சால்வையும் தீட்டித் தரும் வேலையையும் இக்கைகளே செய்தன. அழுதுகொண்டு வந்து நிற்கும் மகன், "அப்பா இப்படித்தான் இருப்பார்" என்று கூறும் அந்த ஒரு கணத்துக்காகவே அவ்வுழைப்பு. வாடிக்கையாளரின் வேண்டுகோளே அங்கு அருட்டுணர்வு. அவரது கண்ணீரே மதிப்பீடு.

இப்படங்கள் சென்றுசேர்ந்த இடங்களுள் தலையாயது அந்தியேட்டித் தினத்தில் வெளியிடப்படும் நினைவு மலர். அதற்கு யாழ்ப்பாணத்தார் வழங்கும் பெயர் 'கல்வெட்டு' என்பதாகும். மறைந்தவரின் படம் முதற்பக்கத்தில் இருக்கும். தொடர்ந்து பிறந்த ஊர், புகுந்த ஊர், பெற்றோர், மக்கள், மருமக்கள், திதி ஆகியன வரும். கல்லே இல்லாத இத்தாள் நூலுக்குக் கல்வெட்டு என்ற பெயர் அமைந்தது எத்துணைப் பொருத்தம்! பெயரையும் ஊரையும் செயலையும் தாங்கிய பழைய நடுகல்லோடு ஒளிப்படம் தந்த முகமும் இங்கே வந்து பொருந்துகின்றது. முகமும் பெயரும் ஒன்றுசேர்ந்த நினைவுவடிவம் இதுவே. இதனை ஆக்கியதிற் படப்பிடிப்பாளருக்கும், அச்சகத்தாருக்கும், சரமகவி பாடிய ஊர்ப்புலவருக்கும், பெயர்களைப் பிழையறச் சொல்லிக்கொடுத்த உறவினருக்கும் பங்குண்டு.

போர் இவ்வமைப்பைச் சிதைத்தது. தேசிய அடையாள அட்டை 1972ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த காலத்தில் அதற்கெனச் சிறிய படம் எடுத்தவர், அது ஒருநாள் தம் குடும்பத்தாரிடம் எஞ்சும் ஒரே படமாகுமென எண்ணியிரார். இடம்பெயர்ந்தோர் பலரிடம் எஞ்சியவை அத்தகைய படங்களே. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சியிற் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்திலே, தாய்மார் ஏந்தி நின்ற படங்களை நாம் அறிவோம். அவற்றுட் பல ஸ்ரூடியோக்களில் வேறு தேவைகளுக்காக எடுக்கப்பட்டுப் பின்னர் பெருப்பிக்கப்பட்டவை. அடையாளத்துக்காக எடுத்த படம் சாட்சியாக மாறிற்று. அதனை எடுத்த படப்பிடிப்பாளர் அக்கணத்தில் அருட்டுணர்வு எதனையும் உணர்ந்திருக்கமாட்டார். ஆயினும் அப்படம் இன்று செய்யும் பணியைப் பெருங்கலைஞரின் படங்களும் செய்தற்கரிது. கீழே எழுதப்பட்ட பெயரும் ஊரும் திகதியும் அதற்கு அவ்வலிமையைத் தருகின்றன.

இழந்த படத்தின் இடத்தை வேறு கலைவடிவங்கள் நிரப்ப முயன்றதும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத்துறையைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனன் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்று, இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த கோட்டுப்படங்களைத் தொகுத்துள்ளது. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான தோம்பின் பெயரையே அந்நூல் தாங்கி, முற்றுப்பெறாத தோம்பு என்னும் பொருளில் அமைந்துள்ளது. ஆட்சியாளர் எழுதிய தோம்பு நிலத்தை அளந்தது. மக்கள் வரைந்த தோம்பு நினைவை அளக்கின்றது. ஆயினும் வீட்டின் அறைகளை நினைவிலிருந்து வரையலாம். முகத்தை அவ்வாறு வரைந்து மீட்பது பெரும்பாலோர்க்கு இயலாதது. எனவேதான் ஒளிப்படத்தின் இழப்பு ஈடுசெய்ய முடியாததாகின்றது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. உருவ ஒளிப்படக்கலையின் அருட்டுணர்வுக்கு இரு ஊற்றுக்கள் உள்ளன. ஒன்று, முகத்தின் அழகைக் கண்டு கலைஞர் கொள்ளும் வியப்பு. மற்றையது, அம்முகத்துக்கு உரியவரிடத்தும் அவரை நேசிப்பவரிடத்தும் கலைஞர் ஏற்கும் கடப்பாடு. கமரன் அம்மையார் இங்கிலாந்தில் எடுத்த சிறந்த படங்களிலே இவ்விரண்டும் கூடியிருந்தன. இந்நாட்டில் எடுத்தவற்றிலே முன்னையது மட்டும் நின்றது. நம்மூர்ப் படப்பிடிப்பாளரிடத்துப் பின்னையது மிகுந்திருந்தது. இரண்டும் ஒருங்கே அமையும்போது உருவப்படம் தன் முழுமையை எய்தும்.

இக்கருத்து நம்மனோர்க்கு ஒரு கடமையையும் உணர்த்துகின்றது. மயிலிட்டிக்கு மீண்டவர்களிடத்தும், மீள இயலாது பிறவூர்களிலும் பிறநாடுகளிலும் வாழ்பவர்களிடத்தும் எஞ்சியுள்ள பழைய படங்கள் எத்தனையோ. பிறநாட்டு உறவினருக்கு அனுப்பிய கலியாணப் படத்தின் பிரதியொன்று, இங்கு அழிந்துபோன முகத்தை அங்கே காத்துக்கொண்டிருக்கக்கூடும். அப்படங்களைப் பிரதிசெய்வது இன்று எளிது. ஆனால் இவர் யார், எவ்வூரவர், எந்த ஆண்டில், எந்த நன்னாளில், எந்த ஸ்ரூடியோவில் எடுக்கப்பட்டது என்பவற்றை அறிந்த முதியோர் நாள்தோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் மறைவரேல் நம் வீட்டுப் படங்களும் களுத்துறைப் படத்தின் நிலையை எய்தும்: முகம் இருக்கும், பெயர் இராது. வரலாறும் தமிழும் நுண்கலையும் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறைக்குத் தம்மூர் செல்லும்போது, வீட்டிலுள்ள ஒரு படத்தையேனும் எடுத்து, அதனை அறிந்த ஒருவரின் பக்கத்தில் அமர்ந்து, அதன் பின்புறத்தில் அப்பெயர்களை மென்மையான பென்சிலால் எழுதிவைப்பாராயின், அதுவே இக்காலத்துக்கு ஏற்ற கல்வெட்டாக அமையும்.